மாடிப்படி எந்தப் பக்கம்

தேங்காயை உடைத்த பிறகும் உள்ளே இருப்பது தேங்காய்தானா என்று முகர்ந்து பார்க்கிற ஆள் செல்லக்கண்ணு. தாமுவேயில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் நாற்காலியும் பெரிய அண்டாவும் அவரிடமிருந்துதான் வாடகைக்குப் போகும். திரும்பி வரும்போது ஒவ்வொரு அண்டாவையும் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். சத்தம் கொஞ்சம் மாறியிருந்தால் போச்சு. "இது என் அண்டா இல்ல, மாத்திட்டீங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரோடு மல்லுக்கு நிற்பார். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு கிழவர் டாக்ஸியை விட்டு இறங்கி, இரண்டு கை விரல்களையும் சதுரமாக மடக்கி, அந்தச் சதுரத்துக்குள் வீட்டை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் என்ன ஆகும்?

ஆனதைச் சொல்கிறேன்.

செல்லக்கண்ணு வாசலில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். கிழவரைத் தலை முதல் கால் வரை அளந்தார். நிறம் நம்ம நிறம். மூக்கு நம்ம ஊர் மூக்கு. செருப்பு மட்டும் இங்கிலீஷ்காரன் போடுகிற தோல் ஜோடு. மழை பெய்து சேறாகிக் கிடக்கிற தெருவில் அதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் ஒன்று பைத்தியம், இல்லை பெரிய இடம்.

"யாரு வேணும்?"

"அண்ணே, நான் வந்துட்டேன்" என்றார் கிழவர். எழுபது வயதுக்காரர் ஐம்பத்தெட்டு வயதுக்காரரை அண்ணே என்கிறார்! "இது எங்க வீடு."

தேய்க்கிற நார் அண்டாவுக்குள் விழுந்தது.

"எங்க வீடுன்னா?"

"எங்க அப்பா வீடு. சின்னப் புள்ளையில இங்கதான் இருந்தேன். அப்பறம் கப்பல்ல போயிட்டோம். எனக்கு தண்ணி வேணும் அண்ணே."

இந்த நாளுக்குத்தான் செல்லக்கண்ணு பிறந்ததிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

காரணம் உண்டு. அறுபத்து நாலாம் வருஷம் பர்மிய அரசாங்கம் கடை கண்ணியையெல்லாம் பிடுங்கிக்கொள்ள, நம்ம ஜனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பல் கப்பலாகக் கிளம்பியபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய செல்லக்கண்ணுவின் அப்பா மட்டும் கிளம்பவில்லை. எல்லாரும் போன பிறகு பார்த்தால் அவர் இந்த வீட்டுக்குள் குடியிருந்தார். எப்படி வந்தது என்று கேட்டால், "கெடச்சுச்சு" என்பார். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் சுருட்டைப் பற்ற வைத்துக்கொள்வார். அந்த ஒற்றைச் சொல்லைத் தவிர வேறொன்றும் சொல்லாமலே செத்துப்போனார்.

பக்கத்து வீடும் இதே அச்சு. ஒரே மேஸ்திரி கட்டிய இரட்டை வீடுகள், நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில் தண்ணிக் குழாய் பார்த்த பொன்னுத்துரை. "செங்கல் செங்கலா நான் கட்டுன வீடு" என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். அவர் மகள் கௌசல்யாவைத்தான் செல்லக்கண்ணு கட்டினார். பொண்ணு பார்க்கத் தெருவைக்கூடத் தாண்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கல்யாணப் பந்தியிலேயே அப்பளத்துக்காக மச்சான் முரளிதரனோடு சண்டை வந்துவிட்டது. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் முன்னறை நாற்காலியைத் தாண்டி செல்லக்கண்ணு ஓரடி உள்ளே வைத்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், அந்த நாற்காலி, ஒரு கிளாஸ் லபேயெ டீ, அவ்வளவுதான் மருமகன் மரியாதை.

கௌசல்யாவுக்குப் புருஷனோடு சண்டை வந்தால் ஒரே ஓர் ஆயுதம் போதும். "ஒங்க வீடு கெடச்ச வீடு. எங்க வீடு கட்டுன வீடு." அதற்கு மேல் செல்லக்கண்ணுவால் வாய் திறக்க முடியாது.

இப்போது, கிடைத்த வீட்டைத் தொலைத்தவர் வந்து தண்ணீர் கேட்கிறார்.

கொடுத்தார். கொடுத்துவிட்டு, கிழவர் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார்.

கிழவரின் பெயர் தியாகராசன். இங்கிலாந்தில் அதைச் சுருக்கி தியோ ராஜன் என்று ஆக்கிவிட்டார்களாம். அங்கே படம் எடுக்கிற வேலையாம். நகரத்து நடுவில், சூலே பக்கம் கியாக்டடாவில் ஹோட்டலில் ரூம். தினமும் காலையில் டாக்ஸி பிடித்துத் தாமுவே வந்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். தமிழ் பேசினார். ஆனால் எப்படிப்பட்ட தமிழ்! ஒன்பது வயதில் கப்பல் ஏறியபோது வாயில் இருந்த தமிழை அப்படியே உப்பில் ஊறப்போட்டு வைத்திருந்து எடுத்த மாதிரி. "பசிக்குது", "பயமா இருக்கு", "அவன் என்னை அடிச்சிட்டான்" எல்லாம் தெரியும். 'வாடகை', 'உரிமை', 'பத்திரம்' தெரியாது.

"தெரியாதாமா!" என்றார் செல்லக்கண்ணு மனைவியிடம். "தெரியாத மாதிரி நடிக்கிறான். சினிமாக்காரன்ல?"

சினிமா இல்லை, டெலிவிஷன். தியோ அதைப் பெருமையாகவே சொன்னார். எதிரே ஜஸீலாவின் டீக்கடையில் குட்டை ஸ்டூலில் குந்திக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, செல்லக்கண்ணு குறுக்கே கேட்கக் கேட்க, வந்த கதை இதுதான்.

அப்பா கப்பல் கம்பெனியில் கணக்கெழுதியவர். மெட்ராஸில் இறங்கி வேலை தேடி அலைந்து, கடைசியில் வேறொரு கப்பலில் தொற்றி இங்கிலாந்தின் வடக்கே ஒரு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு பிஸ்கட் ஃபாக்டரியில் வேலை. பையன் பதினேழு வயதில் ஒரு டிவி கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தான். முதல் வேலை டீ கொண்டுபோவது, இரண்டாவது வேலை தரையில் டேப் ஒட்டுவது.

"தரையில எதுக்கு டேப்பு?" செல்லக்கண்ணு விடவில்லை.

நாடகம் எடுக்குமுன் ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகைக்கு ஸ்டூடியோ கிடைக்காது. ஏதாவது சர்ச் மண்டபத்தில் நடக்கும். அங்கே சுவரும் இல்லை, கதவும் இல்லை. அதனால் வீடு எப்படி இருக்கப்போகிறதோ அப்படியே தரையில் கலர் டேப்பால் வரைந்துவிடுவார்கள். மஞ்சள் சுவர். இடைவெளி விட்டால் கதவு. சிவப்பில் குறுக்குக்கோடு போட்டால் மாடிப்படி. நடிக்கிறவர்கள் அந்தக் கோட்டை உண்மைச் சுவர் என்று நம்பி நடக்க வேண்டும். மிதித்தால் டைரக்டர் கத்துவார்.

அந்த டேப் ஒட்டிய பையன்தான் ஏறி ஏறி டைரக்டர் ஆனான். ஆஸ்பத்திரி சீரியல், போலீஸ் சீரியல், சமையல் போட்டி, ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டம், நாய் ஆட்டு மந்தையை ஓட்டுகிற போட்டி.

"ஆட்டை நாய் ஓட்டுறத டிவியில காட்டுவாங்களா?" என்றார் ஜஸீலா, பாலை ஆற்றிக்கொண்டே.

"நாலு கேமரா வச்சுக் காட்டுவோம் அக்கா."

"அதையும் ஒக்காந்து பாப்பாங்களா?"

"நெறைய பேர் பாப்பாங்க."

ஜஸீலா செல்லக்கண்ணுவைப் பார்த்தார். செல்லக்கண்ணு ஜஸீலாவைப் பார்த்தார். பொய் சொல்கிறவன்கூட இவ்வளவு மோசமாகச் சொல்ல மாட்டானே என்பதுதான் இரண்டு பேருக்கும் குழப்பம்.

"டிவியில ஒங்க மூஞ்சி வருமா?"

"வராது அண்ணே. கடைசியில பேர் மட்டும் ஓடும். ஒரு செகண்டு."

"மூஞ்சியே வராத வேலைய நாப்பது வருஷம் பாத்தீங்களா?"

தியோ சிரித்தார். கட்டினது மேக்கப் போடுகிற பெண்ணை, அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கனடாவில் என்றார். அறுபது வயதானதும் சின்னப் பசங்களாக வந்து இவரை ஓரங்கட்டிவிட்டார்களாம். "கடைசியா நான் செஞ்சது என்ன தெரியுமா அண்ணே? ஒரு வீட்டு ப்ரோக்ராம். பழைய வீடு இருக்கும்ல, அதப் போய்ப் பாத்து, வாங்கி, இடிச்சு, புதுசாக் கட்டி, விப்பாங்க. அதக் காட்டுவோம்."

செல்லக்கண்ணுவுக்கு லபேயெ புரை ஏறிவிட்டது.

அன்றிலிருந்து அவர் தூக்கத்தைத் தொலைத்தார். பழைய வீட்டை வாங்கி இடித்து விற்கிறவன்! தானே வாயால் சொல்லிவிட்டான். அதோடு இன்னொரு கெட்ட பழக்கமும் அந்த மனிதருக்கு. தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். திடீரென்று விரலைச் சொடுக்குவார். "த்ரீ" என்பார். மறுபடி சொடுக்கு. "டூ." கொஞ்சம் பொறுத்து, "ஒன், ஒன், அப்படியே இரு." எத்தனையாவது கேமராவின் படம் வர வேண்டும் என்று ஸ்டூடியோவில் சொடுக்கிச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன கையாம் அது. செல்லக்கண்ணு அதை யாருக்கோ போகிற சிக்னல் என்று எடுத்துக்கொண்டார். டீக்கடைக்காரர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தாமுவேயில் ரெண்டு நம்பர் லாட்டரி கட்டாத வீடு எது? பிக்கு தும்மினால் அதில் ஒரு நம்பர் பார்க்கிற ஊர் இது. கிழவர் 'த்ரீ, டூ' என்றால் முப்பத்திரண்டு. ஒரு நாள் அது விழுந்தும் விட்டது. அப்புறம் அவருக்கு டீயும் சமூசாவும் கேட்காமலே வந்தன. பின்னாலேயே நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகத் தாங்கினது முரளிதரன்தான். வேலை வீட்டுத் தரகு. பர்மியத்தில் ப்வேசா என்பார்கள். காசு இல்லாமல் கொட்டாவிகூட விடாத ஆள். அவர் கிழவருக்குக் குடை பிடித்தார், டாக்ஸி கூப்பிட்டார், வெற்றிலை மடித்துக் கொடுத்தார். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, பல வருஷமாக இல்லாத பாசத்தோடு தோளில் கை போட்டார்.

"மச்சான், பாவம் வயசானவரு. பொறந்த வீட்டத் தேடி வந்திருக்காரு. ஒரு வழி பண்ணிக் குடுக்கணும்."

"என்ன வழி?"

"அது நீங்களாப் பாத்து... நான் என்னத்தச் சொல்றது? தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல?"

முரளிதரன் வாயில் தர்மம்! செல்லக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோயில் தர்மகர்த்தா தங்கவேலுவிடம் ஓடினார்.

"வெளிநாட்டுக்காரன் பேர்ல இங்க ஒரு சாண் மண்ணு வாங்க முடியாது. பயப்படாத" என்றார் தங்கவேலு. செல்லக்கண்ணு மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். "ஆனா பேருக்கு ஒரு உள்ளூர் ஆளப் போட்டுக்குவான்."

அந்த உள்ளூர் ஆள் யார் என்று செல்லக்கண்ணு கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுகிற சத்தம் கேட்கிறதே.

இந்த நிலைமையில்தான் தியோ ஒரு பை நிறைய கரண்டு டேப்போடு வந்தார். மஞ்சள், சிவப்பு, நீலம்.

செல்லக்கண்ணுவின் கீழ்த்தளத்தில் ஒரு தடுப்புச் சுவரும் கிடையாது. சாமான் வைக்க இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் இடித்து, உள் மாடிப்படியையும் பிடுங்கிவிட்டு, வெளியே இரும்புப்படி போட்டுவிட்டார். இப்போது அது அண்டாவும் நாற்காலியும் அடுக்கிய ஒரே கூடம். அதன் நடுவில் நின்றுகொண்டு தியோ கேட்டார். "அண்ணே, எங்க வீட்டைத் தரையில ஒட்டிப் பாக்கட்டா? ஒண்ணும் கெடுக்க மாட்டேன். பிச்சா வந்துடும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் செல்லக்கண்ணு வாயைத் திறந்தார். முந்திக்கொண்டு கௌசல்யா, "ஒட்டிட்டுப் போகட்டும், வயசானவரு" என்றுவிட்டார்.

கிழவர் முட்டி போட்டு ஊர்ந்து ஊர்ந்து ஒட்டினார். ஜன்னல் வழியாக ஊரே பார்த்தது. தாமுவேயில் பழைய வீட்டுத் தரையில் எவனாவது கோடு போட்டால் அதற்கு ஒரே அர்த்தம். கன்ட்ராக்டர் வந்துவிட்டான், எட்டு மாடி எழும்பப் போகிறது. மத்தியானத்துக்குள் பேச்சு கோயில் வரைக்கும் போய்விட்டது. சிவப்பு லிஃப்டாம், நீலம் கக்கூஸாம். சாயங்காலம் தங்கவேலுவே வந்து தொண்டையைக் கனைத்தார். "செல்லக்கண்ணு, எனக்கு முட்டி வலி. கீழ் ஃப்ளாட்டா ஒண்ணு சொல்லி வையி."

"அண்ணே, நீங்களுமா?"

"சும்மா சொல்லி வையி. எவனோ எடுக்கத்தானே போறான்?"

செல்லக்கண்ணு கூடத்துக்குள் போய் அந்தக் கோடுகளை முறைத்துக்கொண்டு நின்றார். வாசல், முன்னறை, நடு அறை, சமையற்கட்டு. நடு அறையில் இடது பக்கம் சிவப்புக் குறுக்குக்கோடுகள். மாடிப்படி.

இடது பக்கம்?

இந்த வீட்டு மாடிப்படியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டவர் அவர். அது இருந்தது வலது பக்கம். வலது சுவரில் படிக்கட்டைப் பதித்திருந்த வடு இன்னும் அண்டாக்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஆக, இந்த ஆள் இந்த வீட்டில் பிறந்தவனே இல்லை. முழுப்பொய்!

கொண்டாட்டத்தில் ஓர் அண்டாவைத் தட்டினார். அது கணீரென்றது. ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, பெண்டாட்டியிடம்கூட. தப்பாக ஒட்டினதை ஊர்ப் பெரியவர் முன்னால் 'இதுதான் எங்க வீடு' என்று கிழவனே வாயால் சொல்லட்டும். அப்புறம் இருக்கிறது கச்சேரி.

கிழவருக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாளாக டேப்பைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதும் தலையைச் சொறிவதுமாக இருந்தார். "படி இருந்த எடத்துல ஜன்னல் இருக்கே அண்ணே. கெணத்துக் கதவும் எதிர்ப்பக்கமா இருக்கு. நான் தப்பா வச்சுட்டேனா?" என்றார். "நான் எடுத்த எல்லா வீட்டுலயும் படி இடது பக்கம்தான் வைப்பேன். கேலி பண்ணுவாங்க. எங்க வீட்டுல அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லுவேன். நாப்பது வருஷமா பொய் சொல்லிட்டேனா?"

குரல் தழுதழுத்தது. செல்லக்கண்ணு அதையும் தட்டிப் பார்த்தார், அண்டா மாதிரி. 'நடிப்பு' என்று முடிவு கட்டினார்.

"நாளைக்குப் பெரியவங்க வருவாங்க. அவங்களுக்குச் சொல்லிக் காட்டுங்க" என்றார் தேன் ஒழுக.

மறுநாள் தங்கவேலு வந்தார், ஜஸீலா கடையைப் போட்டுவிட்டு வந்தார், முரளிதரன் வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார். தியோவுக்கு ஆட்களைப் பார்த்ததும் பழைய உற்சாகம் வந்துவிட்டது. வெறுமனே சொல்ல மாட்டாராம், நடித்துப் பார்க்க வேண்டுமாம். சிவப்புக் கோடு போட்ட இடத்தில் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கினார். அதுதான் படி.

"நான் இதுக்கு அடியில ஒக்காந்திருப்பேன். படியில சந்து சந்தா இருக்கும். அது வழியா எல்லாரையும் பாப்பேன். யாருக்கும் நான் தெரிய மாட்டேன். நான் டைரக்டர் ஆனதே அங்கதான் அண்ணே." பிறகு கௌசல்யாவிடம், "அக்கா, நீங்க எங்க அம்மா. சமையக்கட்டுலேர்ந்து வந்து, மண்பானையில தண்ணி மோந்து, அப்பாவுக்குக் குடுக்கணும்" என்றார்.

அப்பா யார்? கேட்பதற்குள் தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மஞ்சள் வாசலில் போய் நின்றுவிட்டார்.

தியோ நாற்காலிகளுக்குப் பின்னால் குந்தினார். விரல் சொடுக்கினார்.

கௌசல்யா கூச்சத்தோடு நடந்தார். இதற்குள் செல்லக்கண்ணு நடுக்கூடத்துக்கு வந்து கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க! எல்லாரும் கேட்டுக்குங்க. இதுதான் ஒங்க வீடுன்னு ஒட்டுனீங்கள்ல? படி எந்தப் பக்கம்? இடது பக்கம்! எங்க வீட்டுப் படி வலது பக்கம்! இந்தக் கையாலதான் பிடுங்குனேன். வடு இருக்கு, வந்து பாருங்க! இந்த ஆளு இந்த வீட்ல பொறக்கவும் இல்ல, ஒண்ணுக்கு இருக்கவும் இல்ல!"

பேசி முடித்துச் சுற்றிப் பார்த்தார். ஒருத்தரும் இவரைப் பார்க்கவில்லை. கௌசல்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தியோ நாற்காலிச் சந்திலிருந்து மெல்ல எழுந்தார். "அக்கா, ஏன் குனிஞ்சீங்க?"

"எங்க?"

"சமையக்கட்டுலேர்ந்து வரும்போது. தலையைக் குனிஞ்சீங்க. அப்பறம் காலைத் தூக்கி வச்சீங்க."

"நெலை இடிக்கும்ல? வாசப்படி வேற ஒசரம்..."

"நான் நெலையப் பத்திச் சொல்லவே இல்லியே. பானை எங்கன்னும் சொல்லல. நீங்களே இடது கைய நீட்டிட்டீங்க."

கௌசல்யா தன் கையைப் பார்த்தார். கை இன்னும் படிக்கு அடியில், இல்லாத பானைக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தார். அங்கே நிலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"இது... எங்க வீட்டு நெலை" என்றார் மெதுவாக. உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இரட்டை வீடு. இந்த வீட்டில் வலது பக்கம் இருப்பது அந்த வீட்டில் இடது பக்கம் இருக்கும். முன்னறையைத் தாண்டாத மருமகனுக்கு அது எப்படித் தெரியும்? பிறந்து வளர்ந்த பெண்ணின் காலுக்குத் தெரிந்திருக்கிறது. பொன்னுத்துரை செங்கல் செங்கலாகக் கட்டிய வீடும் கிடைத்த வீடுதான்.

தங்கவேலுதான் முதலில் கேட்டார். "முரளி எங்க?"

வாசலில் ஆளையும் காணோம், செருப்பையும் காணோம்.

"அட பாவி!" என்றார் ஜஸீலா. "மொத நாளு இவரு டாக்ஸி எங் கடைகிட்டதான் வந்து நின்னுச்சு. ரெட்டை வீடு எங்கேன்னு கேட்டாரு. முரளிதான் எழுந்து வந்து, 'வீட்டுக்குள்ள மாடிப்படி எந்தப் பக்கம் சயா'ன்னு மரியாதையாக் கேட்டுச்சு. இடது பக்கம்னாரு. அப்பத்தான் கையக் காட்டி, 'இந்த வீடுதான்'னு இங்க அனுப்புச்சு. என்னடா இது, வழி கேட்டா படியக் கேக்குறானேன்னு நெனச்சேன். எனக்கு அப்பப் புரியல."

செல்லக்கண்ணுவுக்குப் புரிந்தது. வலது கால் முன்னே வைத்து, தோளை நிமிர்த்தி, தெருவில் இறங்கி அடுத்த கேட்டுக்குப் போனார். கேட்டில் பூட்டு. உள்ளே ஜன்னலில் பாதி முகம்.

"மச்சான்! பாவம் வயசானவரு. பொறந்த வீட்டத் தேடி வந்திருக்காரு. ஒரு வழி பண்ணிக் குடுக்கணும்ல?"

"எங்கப்பா கட்டுன வீடு இது! செங்கல் செங்கலா!"

"தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான்?"

"போய்யா!"

தெருவே சிரித்தது. தியோ மட்டும் சிரிக்கவில்லை. சேற்றில் தோல் ஜோடோடு நின்று, பூட்டிய கேட்டைப் பார்த்தார். "நான் ஒண்ணும் எடுக்க மாட்டேன். படிக்கு அடியில ஒரு தடவ ஒக்காந்துட்டுப் போயிடுவேன்" என்றார். ஜன்னலில் இருந்த பாதி முகமும் மறைந்தது.

கௌசல்யாதான் அவர் கையைப் பிடித்தார். "எங்க வீட்டுக்குள்ள நான் போறதுக்கு எவன்கிட்டக் கேக்கணும்? வாங்க." இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில், குழம்புக் கிண்ணம் போய் வருகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைப் பூட்ட முரளிதரனுக்கு நினைவு வரவில்லை. அந்த வழியாகக் கிழவரைக் கூட்டிப் போனார். சந்தேகத்தின் பேரில் செல்லக்கண்ணுவும் பின்னால் போனார். மாமனார் வீட்டு உள்ளறையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். நிலை இடித்தது.

இடது பக்கம் மாடிப்படி. அடியில் மண்பானை இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் டிரம்.

தியோ டிரம்மை நகர்த்திவிட்டு, முட்டி கடகடக்கக் குனிந்து, உள்ளே போய் உட்கார்ந்தார். படிச் சந்து வழியாக அவர் கண் மட்டும் தெரிந்தது. சொடுக்குவார் என்று செல்லக்கண்ணு காத்திருந்தார். சொடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, உள்ளேயிருந்து அந்தச் சின்னப் பிள்ளைத் தமிழ் வந்தது.

"நான் பொய் சொல்லல."

மாடியிலிருந்து முரளிதரன் பாதிப் படி இறங்கி வந்து, மச்சான் காதருகே குசுகுசுத்தார். "என்ன கேக்குறாரு?"

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணும் கேக்காதவனத்தான் மச்சான் நம்பக் கூடாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சான் சொன்னது சரி என்று செல்லக்கண்ணுவுக்குப் பட்டது.

ஆனால் கிழவர் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பினார். கௌசல்யா இப்போதெல்லாம் கட்டின வீடு, கிடைத்த வீடு என்று பேசுவதில்லை. "எங்க வீடு டைரக்டர் வீடு" என்கிறார். ரெண்டு நம்பர்காரர்கள்தான் பாவம், கடைசி நாளில் டாக்ஸி வரைக்கும் காதை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

டாக்ஸியில் ஏறும்போது செல்லக்கண்ணுவே கதவைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் நிம்மதி. வீடு தப்பித்துவிட்டது. ஊர் பார்க்க, பெரிய மனசோடு, பேச்சுக்காகத்தான் கேட்டார்.

"ஆமா, அந்த வீட்ல நீங்க இருந்தீங்க. அப்ப எங்க வீட்ல யாரு இருந்தா?"

தியோ யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஒரு பொண்ணு இருந்துச்சு அண்ணே. என்னவிட ரெண்டு வயசு சின்னது. ரொம்ப வேகமா ஓடும். என்னால புடிக்கவே முடியாது."

"அவங்க எங்க?"

"தெரியல. அவங்களும் கப்பல்ல போனாங்க. வருவேன்னுதான் சொல்லிட்டுப் போச்சு."

டாக்ஸி போய்விட்டது. செல்லக்கண்ணு கதவைப் பிடித்த கை அப்படியே காற்றில் நின்றது.

போன வாரம் மிங்கலாடோன் பக்கமிருந்து ஒரு வயதான அம்மா, பேத்தி காதுகுத்துக்கு நாற்காலி கேட்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். வெள்ளை முடி, கண்ணாடி, நல்ல தமிழ். கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "பெரிய எடமா இருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செல்லக்கண்ணு நாற்காலியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. சின்ன வயசுல நீங்க நல்லா ஓடுவீங்களா?"